ரெண்டு இன்ச் தூக்கினா கெத்துதான்... வளைவுல என்ன ஆகும்? - எஸ்.யூ.வி லிஃப்ட் கிட் அலசல்

இன்ஸ்டாவைத் திறந்து நாலு ரீல்ஸ் தள்ளினால், ஐந்தாவதில் ஒரு தார் நிற்கிறது. கறுப்பு பெயின்ட், யானைக்கால் மாதிரி டயர், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தலையையே விடலாம் என்கிற அளவுக்கு இடைவெளி. பின்னணியில் மாஸ் பி.ஜி.எம். கமென்ட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்... "ப்ரோ, எத்தனை இன்ச் லிஃப்ட்? எவ்ளோ ஆச்சு?"

லிஃப்ட் போட்ட பிறகு அந்த வண்டி அவசர பிரேக்கில் எப்படி நிற்கிறது, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஃபேமிலியோடு இறங்கும்போது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், 30 விநாடி ரீலில் அதற்கு இடமும் இல்லை.

2020-ல் புது தார் வந்த பிறகுதான் இந்த ஆசை நம் ஊரில் பெரிதாகக் கிளம்பியது. அதுவரை எஸ்டேட்காரர்களும் ஆஃப்ரோடு கிளப் ஆட்களும் மட்டும் செய்துகொண்டிருந்த வேலை இது. பிறகு 2023-ல் ஜிம்னி, 2024-ல் ஐந்து கதவு தார் ராக்ஸ். லேடர் ஃபிரேம், ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் ஐ.டி. பார்க் பார்க்கிங்குக்கே வந்துவிட்டன. வண்டி வந்தால் ஆக்சஸரி வரும், ஆக்சஸரி வந்தால் லிஃப்ட் கிட் வரும். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் நாலே நாளில் வீட்டு வாசலில் டெலிவரி.

சென்னைக்காரர்களுக்கு உயரத்தின்மேல் ஆசை வர இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர்! 2015 வெள்ளம், 2023-ல் மிக்ஜாம், 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசைகட்டி நின்ற கார்கள்... இதையெல்லாம் பார்த்தவருக்கு, 'இன்னும் ரெண்டு இன்ச் உயரமா இருந்தா நல்லாருக்குமே' என்று தோன்றுவதில் தப்பே இல்லை.

ஆசை சரிதான். ஆனால், அந்த ரெண்டு இன்ச்சுக்கு வண்டியில் எது எது இடம் மாறுகிறது என்று தெரிந்துகொண்டு ஆசைப்படுவது நல்லது. காரணம், இது ஸ்டிக்கர் ஒட்டுவது போன்ற வேலை இல்லை. பிரேக், ஸ்டீயரிங், ஹெட்லைட் என மூன்றிலும் ஒரே நேரத்தில் கை வைக்கிற வேலை.

எது உயருது, எது உயராது?

லிஃப்ட் கடைகளில் யாரும் முதலில் சொல்லாத விஷயம் இது. ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். அதன் முன்பக்கமும் பின்பக்கமும் ரிஜிட் ஆக்ஸில். அதாவது, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கிறது. அந்தக் குழாயில் பூசணிக்காய் மாதிரி தொங்குவதுதான் டிஃபரன்ஷியல். காட்டுப் பாதையில் கல்லில் முதலில் இடிபடக்கூடிய சமாசாரம் பெரும்பாலும் அதுதான். நீங்கள் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை ரெண்டு இன்ச் தூக்கினால், ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் பாடியும் ஃபிரேமும்தான் மேலே போகும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். பூசணிக்காய்க்கும் தரைக்கும் உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது!

அதைக் கூட்ட ஒரே வழி, பெரிய டயர். அதிலும் கணக்கு போட்டுப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஜிம்னியின் கம்பெனி டயர் 195/80 ஆர்15. அதன் மொத்த உயரம் 693 மி.மீ. பலரும் ஆசையாக மாற்றும் 215/75 ஆர்15 டயரின் உயரம் 703.5 மி.மீ. வித்தியாசத்தில் பாதிதான் ஆக்ஸிலுக்குக் கிடைக்கும். ஆக, வெறும் 5 மி.மீ.! அதைவிடப் பெரிதாக 235/75 ஆர்15 போட்டால் 20 மி.மீ. கிடைக்கும். ஆனால், அந்த அளவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயர் எங்காவது உரசும் வாய்ப்பு அதிகம். அதற்காக லிஃப்ட், லிஃப்ட்டுக்காக வேறு பார்ட்ஸ் என்று செலவு சங்கிலியாக நீளும்.

அப்படியென்றால் லிஃப்ட் வேஸ்ட்டா? இல்லை. பாடி உயர்வதால் மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காது, இறங்கும்போது பின் பம்பர் இடிக்காது, மேட்டின் உச்சியில் வயிறு தட்டாது. வீல்பேஸ் நீளமான வண்டிகளுக்குக் கடைசியில் சொன்னது ரொம்பவே உதவும். மூன்று கதவு தாரின் வீல்பேஸ் 2,450 மி.மீ., ராக்ஸுக்கு 2,850 மி.மீ. அதே கிரவுண்ட் கிளியரன்ஸ் இருந்தாலும் நீளமான வண்டிக்குத்தான் வயிறு முதலில் தட்டும்.

ஆனால், இதெல்லாம் யாருக்கு? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வழிகாட்டுதல்படி ஒரு ஸ்பீடு பிரேக்கரின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். (நம் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ போட்டுவிட்டுப் போனது இந்தக் கணக்கில் வராது!) தாரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மி.மீ., ஜிம்னிக்கு 210 மி.மீ. அதாவது, விதிப்படி போட்ட ஸ்பீடு பிரேக்கரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கம்பெனியிலிருந்து வந்தபடியே இந்த வண்டிகள் ஓ.எம்.ஆரில் எதிலும் தட்டப் போவதில்லை.

வெள்ளத்துக்கும் இதே கதைதான். தார் 650 மி.மீ. ஆழத் தண்ணீர் வரை போகும் என்கிறது மஹிந்திரா. அந்த எண்ணைத் தீர்மானிப்பது பாடியின் உயரம் மட்டும் இல்லை. இன்ஜின் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது, ஆக்ஸிலின் பிரீதர் குழாய் எந்த உயரத்தில் முடிகிறது, ஒயரிங் கப்ளர்கள் எங்கே என்று பல விஷயங்கள் சேர்ந்தது அது. ரெண்டு இன்ச் தூக்கியதும் 650 என்பது 700 ஆகிவிட்டதாக நினைத்துத் தண்ணீரில் இறங்கினால், அந்தக் கணக்குக்கு கம்பெனி பொறுப்பில்லை. திறந்து கிடக்கும் மேன்ஹோலும் பொறுப்பில்லை.

வளைவில் நடப்பது என்ன?

உயரமான வண்டி கவிழும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு உயர்ந்தால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ. இதை வைத்துத்தான் வண்டிகளின் கவிழும் அபாயத்துக்கு ரேட்டிங் கொடுக்கிறது. பெயர், ஸ்டேட்டிக் ஸ்டெபிலிட்டி ஃபேக்டர். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை, வண்டியின் ஈர்ப்பு மைய உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். சாதாரண கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை வரும். எஸ்.யூ.வி, பிக்கப் மாதிரி உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறைய கவிழ்வது சுலபம்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். சக்கர அகலம் 150 செ.மீ., ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரத்தில் என்றால், 150-ஐ 140-ஆல் வகுக்க 1.07. ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்டால் ஆக்ஸிலும் சக்கரமும் கீழேயே இருப்பதால் ஈர்ப்பு மையம் முழுசாக 5 செ.மீ. ஏறாது. நாலரை செ.மீ. ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் 150-ஐ 149-ஆல் வகுக்க வேண்டும். விடை, 1.01. எஸ்.யூ.வி-க்களின் வரிசையில் நடுவுக்குக் கொஞ்சம் கீழே இருந்த வண்டி, ஒரே மதியத்தில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டது. இதன் மேல் ரூஃப் கேரியர், அதில் நாலு பெட்டி, ஒரு ஸ்டெப்னி, பின்சீட்டில் மூன்று பேர் என்று ஏற்றினால், 1-க்குக் கீழே இறங்கிவிடும்.

"தார் ரோட்டில் டயர் வழுக்கத்தானே செய்யும், எப்படிக் கவிழும்?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. சமமான ரோட்டில் பெரும்பாலும் வழுக்கத்தான் செய்யும். ஆனால், வழுக்கிக்கொண்டே போய் எங்கே நிற்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வண்டி தனியாகக் கவிழும் விபத்துகளில் 95 சதவிகிதம், சக்கரம் எதிலாவது தடுக்கிக் கவிழ்பவைதான் என்கிறது அதே என்.ஹெச்.டி.எஸ்.ஏ. ஓரத்து மண், பள்ளம், மீடியன் கல்... நம் நெடுஞ்சாலைகளில் இதற்கெல்லாம் பஞ்சமே இல்லை. தார் ரோடு முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அரையடிப் பள்ளம் இருப்பதை ஈ.சி.ஆரிலிருந்து தென்காசி வரை பார்க்கலாம்.

உயரத்தையும் சஸ்பென்ஷனையும் லேசாக எடுத்துக்கொண்டால் பெரிய கம்பெனியே எப்படி மாட்டும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு ஆட்டோமொபைல் பத்திரிகை, புத்தம்புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸை 'மூஸ் டெஸ்ட்' செய்தது. ரோட்டில் திடீரென்று ஒரு பெரிய மான் குறுக்கே வந்தால் ஒடித்துத் திருப்புவோமே, அந்த டெஸ்ட். கார் கவிழ்ந்துவிட்டது! பிறகு மெர்சிடிஸ் விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, இ.எஸ்.பி-யை எல்லா ஏ-கிளாஸிலும் ஸ்டாண்டர்டாகக் கொடுத்தது. பல வருடம் டெஸ்ட் செய்து வெளியே விட்ட காருக்கே அந்தக் கதி. நம் ஊரில் லிஃப்ட் போட்ட வண்டிக்கு டெஸ்ட் என்பது கடையிலிருந்து மெயின்ரோடு வரை ஒரு ரவுண்டு, அப்புறம் ஒரு செல்ஃபி.

"இ.எஸ்.பி இருக்கே ப்ரோ!" என்பார்கள். இருக்கிறது. ஜிம்னியில் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. ஆனால், எந்த நொடியில் எந்தச் சக்கரத்துக்கு பிரேக் பிடிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது கம்பெனி உயரத்தில், கம்பெனி ஸ்பிரிங்கில், கம்பெனி டயரில். உயரம் கூடிவிட்டது என்று அதற்குத் தெரியாது. கொஞ்சம் வித்தியாசத்தை அது சமாளிக்கும். எவ்வளவு வரை சமாளிக்கும் என்று நீங்களோ மெக்கானிக்கோ சொல்ல முடியாது. ராக்ஸ் போல முன் கண்ணாடியில் கேமரா வைத்து ஏடாஸ் வரும் வண்டியில், அந்தக் கேமராவின் பார்வைக் கோணமும் மாறுகிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டு மாதிரி ஒரு பீஸ்... வம்பு மட்டும் பெரிசு!

லிஃப்ட்டில் மிக மலிவானது ஸ்பேசர். ஸ்பிரிங்குக்கு மேலேயோ, ஷாக் அப்ஸார்பரின் தலையிலோ வைக்கும் ஒரு வட்டு. ரப்பர் மாதிரி பாலியூரித்தேனில் வரும், அலுமினியத்தில் வரும், உள்ளூர் லேத்தில் கடைந்த இரும்பிலும் வரும்.

தாரின் முன்பக்கம் ஜிம்னி மாதிரி இல்லை. டபுள் விஷ்போன் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். இதில் ஷாக் அப்ஸார்பர், சக்கரத்துக்கு நேர் மேலே நிற்காமல் உள்பக்கமாகத் தள்ளி நிற்கும். ஏற்றப் பலகை விளையாட்டு மாதிரிதான்... நடுவில் ஒரு இன்ச் தள்ளினால் ஓரத்தில் அதைவிட அதிகம் நகரும். அதனால் ஷாக்ஸின் தலையில் ஒரு இன்ச் ஸ்பேசர் வைத்தால், சக்கரத்தில் ஒன்றரை, சமயத்தில் ரெண்டு இன்ச் வரைகூட உயரம் கிடைக்கும். "ஒரு இன்ச்தானே" என்று ரெண்டு ஸ்பேசரை அடுக்கி வைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இங்கே உயரம் கூடும்போது டிஃபரன்ஷியலும் ஃபிரேமோடு சேர்ந்து மேலே போகும். நல்லதுதானே? ஆனால், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் முன்பைவிடச் சரிந்து நிற்கும். சரிவு கூடக் கூட ஜாயின்ட் சூடாகும், மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட் உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே வரும், உள்ளே மண் போகும். ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் கேட்டால் அது அங்கேயிருந்துதான். மேல் கன்ட்ரோல் ஆர்மின் பால் ஜாயின்ட்டும் (ஆவினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) அதன் கடைசி எல்லைக்கே போய் நிற்கும். பள்ளத்தில் சக்கரம் கீழே விழும்போது, போக இடமில்லாமல் அங்கே ஓர் அடி விழும். ஆயிரம் தடவை அடிபட்ட பால் ஜாயின்ட், ஆயிரத்தோராவது தடவை கழன்றால், ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது.

ஜிம்னியில் பிரச்னை வேறு மாதிரி. பாடி உயரும்போது முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் சாய்வதால், ஆக்ஸில் கொஞ்சம் திரும்பிவிடும். இதனால் காஸ்டர் கோணம் குறையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராவதற்குக் காரணமே இந்தக் கோணம்தான். இது குறைந்தால் 80 கி.மீ. வேகத்தில் வண்டி நேராக ஓடாமல் அலையும். நீங்கள் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மோசமானால், ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கும். பிரேக் போட்டு வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காது. அனுபவப்பட்டவர்கள் இரண்டாவது தடவை அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேச மாட்டார்கள். இதோடு, ஆக்ஸிலைக் குறுக்கே பிடித்திருக்கும் பேன்ஹார்டு ராடின் நீளம் மாறாததால், பாடி மேலே போகும்போது ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். காஸ்டரைச் சரிசெய்யும் புஷ், நீளத்தை மாற்றக்கூடிய ராடு என்று இதற்கெல்லாம் தீர்வு இருக்கிறது. 'லிஃப்ட் கிட்' என்று போட்டு வரும் மலிவான பெட்டியில்தான் இருக்காது.

சில பழைய வண்டிகளில் இன்னொரு பொறி. பின் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி போகும். வண்டியில் பாரம் ஏறினால் பாடி கீழே இறங்கும், கம்பி நகரும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பாரம் இல்லையென்றால் பாடி மேலே இருக்கும், பின் பிரேக்கின் அழுத்தம் குறையும். இந்த வண்டியைத் தூக்கிவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால்? ஐந்து பேரும் லக்கேஜுமாக நிரம்பியிருந்தாலும், வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும்.

உங்கள் லைட், அடுத்தவர் கண்

முன்பக்கம் மட்டும் தூக்கி வண்டியை நேராக்குவது ஒரு ஃபேஷன். 'லெவலிங்' என்பார்கள். மூன்று கதவு தாரின் முன்பக்கத்தை 40 மி.மீ. தூக்கினால் என்ன ஆகும்? வீல்பேஸ் 2,450 மி.மீ. என்பதால், வண்டி ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக மேல்நோக்கிச் சாயும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறதா? ஆனால், 50 மீட்டர் தள்ளி உங்கள் ஹெட்லைட் வெளிச்சம் 80 செ.மீ. மேலே ஏறியிருக்கும். லோ பீம் போட்டுக்கொண்டு யோக்கியமாகத்தான் போவீர்கள். எதிரே ஸ்ப்ளெண்டரில் வருபவருக்கு அது ஹை பீம்.

பகலில் பிரச்னை வேறு. அமெரிக்காவின் ஐ.ஐ.ஹெச்.எஸ். அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பானெட் உயரம் 40 இன்ச்சுக்கு மேல் இருக்கும் வண்டிகள் பாதசாரிமீது மோதினால் அவர் இறக்கும் வாய்ப்பு, 30 இன்ச்சுக்குள் சரிவான பானெட் கொண்ட வண்டிகளைவிட சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்று தெரியவந்தது. அது அமெரிக்க ரோடு, அமெரிக்க வண்டிகள். நம் ரோட்டில் நடப்பவர்களும் டூவீலர்களும் இன்னும் நெருக்கம். பானெட் உயர உயர, வண்டிக்கு முன்னால் டிரைவர் கண்ணுக்குத் தெரியாத தரையின் நீளமும் கூடும். ஓட்டுபவரின் சீட்டும் சேர்ந்து உயர்வதால் கொஞ்சம் ஈடாகும் என்பது உண்மை. ஆனாலும், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மூன்று வயதுக் குழந்தை எத்தனை அடி தள்ளி நின்றால் உங்களுக்குத் தெரிகிறது என்று, ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து ஒரு தடவை அளந்து பாருங்கள். லிஃப்ட் போடாத வண்டியிலேயே ஆச்சர்யப்படுவீர்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி முதலில் குறிப்பிட்டதற்கு மாறாக, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதை வைத்து, "ஆர்.சி-யில சஸ்பென்ஷன் உயரம்னு ஒரு காலமே இல்லையே, அப்புறம் என்ன?" என்று யூடியூபில் வாதாடுபவர்கள் நிறைய.

இந்த வாதத்தை நம்பிப் பணம் போடுவது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் கருத்து. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், கம்பெனியின் ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தெளிவாகவே சொன்னது. அதற்கு முன்பே, 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு பொருத்துவது இதே 52-வது பிரிவை மீறுவது என்று மாநிலங்களுக்கு எழுதியது. புல் பாருக்கும்தான் ஆர்.சி-யில் காலம் கிடையாது! 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் ஓனருக்கு 182ஏ(4) பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்ரீநகரில் மாடிஃபை செய்த தார் ஓனர் ஒருவருக்கு நீதிமன்றம் ஆறு மாத சிறை என்று தீர்ப்பளித்து, பிறகு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்ட செய்தி அப்போது தேசிய அளவில் பேசப்பட்டது.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பல மாநிலங்களில், 50 முதல் 75 மி.மீ. வரையிலான சின்ன லிஃப்ட்டுக்குத் தெளிவான விதி இருக்கிறது. அதைத் தாண்டினால் இன்ஜினீயர் சான்றிதழ் வேண்டும். எது ஓகே, எது ஓகே இல்லை என்று ஓனருக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். நம்மிடம் அப்படி மி.மீ. கணக்கில் ஒரு வரிகூட இல்லை. ஒரு பக்கம் கிட் தாராளமாக விற்கிறது, இன்னொரு பக்கம் பொருத்தினால் குற்றம். நடுவில் மாட்டுவது வாங்கியவர்தான். அதுவும் பெரும்பாலும் செக் போஸ்ட்டில் இல்லை, விபத்துக்குப் பிறகு! சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளைமில் கை வைக்கலாம். சஸ்பென்ஷன், டிரைவ் ஷாஃப்ட் வாரன்ட்டியை ஷோரூம் மறுக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசையா?

முதலில், உங்களுக்கு லிஃப்ட்தான் தேவையா என்று பாருங்கள். லட்சம் கி.மீ. ஓடிய வண்டியின் ஸ்பிரிங் உட்கார்ந்து போயிருக்கும். கம்பெனி ஸ்பிரிங்கையே புதிதாகப் போட்டால், தொலைந்துபோன உயரம் சட்டச் சிக்கல் இல்லாமல் திரும்பி வரும். கல்லில் அடி படுகிறது என்றால், அடியில் ஒரு நல்ல ஸ்கிட் பிளேட் உதவும். சேற்றில் மாட்டுகிறது என்றால், கம்பெனி அளவிலேயே ஆல் டெரெய்ன் டயர். இந்த மூன்றும் போதாமல் நிஜமாகவே எஸ்டேட், தனியார் ஆஃப்ரோடு டிராக் என்று ஓட்டுபவர்கள் ரொம்பக் குறைவு. அவர்களும், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிட்டு இறங்குவது நல்லது.

அளவு, ஒன்றரை இன்ச். ரெண்டைத் தாண்டவே வேண்டாம். ஸ்பேசரைத் தவிர்த்து, ஸ்பிரிங்கும் ஷாக்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே செட்டாக வருவதை வாங்குங்கள். நீளமான ஸ்பிரிங்குக்குப் பழைய ஷாக்ஸ் எட்டாது. எட்டினாலும் அதிர்வை அடக்காது. வின்ச், ஸ்டீல் பம்பர் இல்லாத வண்டிக்கு, அதற்கெல்லாம் சேர்த்துச் செய்த கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டால், வண்டி குதிரை மாதிரி குதிக்கும். குதிக்கும் சக்கரத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் பிடிக்காது.

வேலை தொடங்கும்முன் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் வீலின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு சுவருக்கு முன் நிறுத்தி, ஹெட்லைட் வெளிச்சத்தின் மேல்கோட்டைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்திச் சரிபார்க்கலாம்.

கடையில் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். ஆர்ம்களின் ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குவது, வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான். லிஃப்ட்டில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். அவசரத்தில் பல இடங்களில் தொங்கும்போதே முறுக்கிவிடுகிறார்கள். அடுத்து, சக்கரங்களை முழுசாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடிக்கச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். சென்சார் ஒயர், ஆக்ஸில் பிரீதர் குழாய் எதுவும் விறைப்பாக இழுபடக் கூடாது. "ஒண்ணும் ஆகாது சார்" என்பது பதில் இல்லை.

அதன் பிறகு வீல் அலைன்மென்ட். டோ மட்டும் பார்த்து அனுப்பும் இடம் வேண்டாம். கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் பிரின்ட் அவுட்டில் வேண்டும். ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனர் போட்டு ஜீரோ செய்ய வேண்டும். இல்லையென்றால் நேராகப் போகும்போதே வளைவு என்று நினைத்து இ.எஸ்.பி குழம்பும். ஏடாஸ் கேமரா இருந்தால் அதற்கும் காலிபரேஷன். டயரைப் பெரிதாக்கியிருந்தால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். 5 சதவிகிதம் பெரிய டயரில், முள் 80 காட்டினால் நீங்கள் 84-ல் போகிறீர்கள்.

முதல் வாரம் காலி ரோட்டில், காலி வண்டியில், 40 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டீயரிங் ஆடுகிறதா, வளைவில் எவ்வளவு சாய்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வால்பாறை போவதெல்லாம் அதற்குப் பிறகு. 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டும் மறுபடி டார்க் ரென்ச்சால் பார்க்கப்பட வேண்டும், அலைன்மென்ட்டும் மறுபடி. கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷாக்ஸையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எஃப்.சி-க்கோ விற்கும்போதோ தேவைப்படும்.

செகண்ட் ஹேண்டில் தாரோ ஜிம்னியோ தேடுபவர்களுக்கும் இதே டேப் போதும். வீல் நடுவிலிருந்து மட்கார்டு வரை அளந்து, ஷோரூமில் நிற்கும் அதே மாடலின் அளவோடு ஒப்பிடுங்கள். நான்கு மூலையும் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறதா, ஷாக்ஸ் தலைக்குமேல் புதுசாக ஒரு வட்டு தெரிகிறதா, டிரைவ் ஷாஃப்ட் பூட்டில் கிரீஸ் கசிந்திருக்கிறதா, முன் டயர் உள்பக்கமாக மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதில் ரெண்டு மாட்டினால், பழைய ஓனரிடம் கம்பெனி ஸ்பிரிங் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.